ஆற்றில் விடும் உயிர்கள்: கோலாலம்பூர், சிலாங்கூர் ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டார ஆலயத் தலைவர்கள், செயலாளர்கள், குருக்கள், தொண்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலை மீன்வளத் துறைக்கு எழுதியிருக்கலாம், மாநகர் மன்றத்துக்கும் எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. வீட்டில் இனி வளர்க்க முடியாது என்று முடிவான ஆமையையோ மீனையோ கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று யோசிக்கும் நம்மவருக்குத் துறை அலுவலகம் நினைவுக்கு வருவதில்லை. கோவில்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு தொட்டி இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்திலேயே ஆறு ஓடும். சாமி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் கோவில் வாசலில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு உள்ள எடை எந்த அரசாங்க அறிவிப்புக்கும் இல்லை.

நான் செந்தூலில் வளர்ந்தவன். தூண்டில் பிடிப்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். விடுமுறை வந்தால் லங்காட் ஆற்றோரமும் பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகளும்தான் எனக்குப் போக்கிடம். அப்பா காலத்தில் ஹாருவான் (விரால்), பாவுங் (கெளுத்தி வகை), லம்பாம் (கெண்டை வகை) என்று நாட்டு மீன்கள் வகைவகையாகக் கிடைக்கும். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஹாருவான் சூப் வைத்துக் கொடுப்பது இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் கடைப்பிடிக்கும் வழக்கம், உங்களுக்கே தெரியும். இன்று ஆற்றில் வீச்சுவலை போட்டால் வலையில் அதிகம் வருவது பண்டாராயா மீன். குட்டையில் தூண்டில் போட்டால் பீக்காக் பாஸ். இரண்டுமே தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை.

பண்டாராயா மீனை உங்களில் பலர் வீட்டு மீன்தொட்டியில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கருப்பு மீன். விரல் நீளத்தில் வாங்கி வருகிறோம், அது ஒரு முழம் வரை வளர்கிறது. உடம்பெல்லாம் எலும்புக் கவசம், துடுப்பில் முள், ஆகவே நம் ஆற்று மீன்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். சாக்கடை கலந்து மற்ற மீன்கள் செத்துப்போகும் இடத்திலும் இது பெருகுவதற்கு அதுதான் காரணம். முட்டையிட ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து, சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூட வளை தோண்டுகிறது. கரை முழுக்க வளையாகிப்போனால் பெருமழையில் மண் சரியும். ஆற்றோரத்தில் கோவில் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் மதில் தாங்குமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இதை ஆற்றில் வளர்க்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. தொட்டி சிறிதாகிவிட்டது, வீடு மாறினார்கள், பிள்ளைகளுக்கு ஆசை விட்டுப்போனது. கொல்ல மனம் வரவில்லை, விட்டுவிட்டார்கள். இப்போது லங்காட் ஆற்றில் தன்னார்வ இளைஞர்கள் வார இறுதிகளில் இடுப்பளவு சேற்றில் இறங்கி இந்த மீனை டன் கணக்கில் அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பாலத்தடியில் இன்னொருவர் ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

பீக்காக் பாஸ் வந்த வழி வேறு. தூண்டில்காரர்களே ஆசைப்பட்டுக் குட்டைகளில் விட்டார்கள். இழுவை நன்றாக இருக்கும், கறியும் ருசி. ஆனால் அது வாயில் அடங்கும் எந்த மீனையும் விடாது. பனாமா நாட்டில் கட்டூன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 1967-இல் ஒரு வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பிய பீக்காக் பாஸ் ஆற்று வழியாக அந்த ஏரியில் சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே, அது பரவிய பகுதிகளில் அங்கே காலங்காலமாக இருந்த சிறு மீன்களில் பல இனங்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின. அவற்றை நம்பியிருந்த நீர்ப்பறவைகளும் குறைந்தன. 1973-இல் வெளியான ஆய்வு இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. நம் குட்டைகளில் ஹாருவான் குஞ்சுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். 'வெளியிலிருந்து வந்தவை, ஊடுருவியவை, ஒழித்துக்கட்ட வேண்டும்' என்ற பேச்சைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு உள்ளே சுருக்கென்று தைக்கிறது. இதே தொனியில் நம்மைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வலி நியாயமானது. அதனால்தான் ஆற்றைப் பற்றி அக்கறை உள்ள தமிழர்கள்கூட நம்மவர்களிடம் இந்த விஷயத்தை எடுக்கத் தயங்குகிறார்கள். நானும் எந்த உயிரையும் வெறுக்கச் சொல்லி வரவில்லை. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் பிரேசில் மரம். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வீட்டு வேலியோரக் கறிவேப்பிலை நம்மோடு கப்பலேறி வந்தது. இவற்றில் எது தானாக ஆற்றில் இறங்கிப் பெருகி மற்ற உயிர்களைத் தின்றது?

பல்லுயிர் பற்றி உலக நாடுகளுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியலாளர் குழு 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர்கள் கையால் புது இடங்களுக்குப் போய் நிலைத்துவிட்ட இனங்கள் 37,000-க்கும் மேல் என்றும், அவற்றில் கேடு செய்பவை 3,500-க்குச் சற்று மேல் என்றும் அது சொல்கிறது. பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்பதும் வந்த இடத்தில் அடங்கிப் பிழைக்கின்றன. ஆனால் அந்த ஒன்று சாதாரணமானதில்லை. உலகில் பதிவான தாவர, விலங்கு இன அழிவுகளில் 60 விழுக்காட்டில் அதற்குப் பங்கு இருக்கிறது என்கிறது அதே அறிக்கை. ஒரு மீன் எந்த நாட்டில் பிறந்தது என்று நான் கேட்கவில்லை. இந்த ஆற்றில் விட்டால் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு விடுங்கள் என்கிறேன்.

நம் ஜனங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டில் சீமைக்கருவேலத்தைப் பற்றி இன்று கிராமத்துக் கிழவி கூடப் பேசுவாள். கண்மாயை அடைத்துக்கொண்டு வளரும் அந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டக் கிளம்பினார்கள். அதில் அவசரமும் இருந்தது, அறிவியல் கேள்விகளும் எழுந்தன, அது தனிக்கதை. ஆனால் ஒரு செடி எங்கிருந்து வந்தது, நீரை என்ன செய்கிறது என்று டீக்கடையில் விவாதம் நடந்ததே, அது சின்ன விஷயமா? இங்கே நமக்கு அந்த டீக்கடை கோவில்தான்.

சரி, உங்கள் வளாகத்துக்கு வருகிறேன்.

முதலில் ஆமை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் மீன்கடைகளிலும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் விற்கிறார்களே, காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமைக்குஞ்சு, அதைத்தான் சொல்கிறேன். வாங்கும்போது ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், முப்பது வருடம்கூட வாழும் என்று விற்பவர் சொல்வதில்லை. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று அறிவியலாளர்கள் தொகுத்த பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலேயே, பிள்ளைகளுக்குச் சால்மொனெல்லா கிருமி தொற்றுகிறது என்று, ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-இல் தடை போட்டார்கள். கோவில் தொட்டியில் கையை விட்டு ஆமையைத் தொட்டுவிட்டு, அதே கையால் பிரசாதம் வாங்கிச் சாப்பிடும் குழந்தைகளை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள்.

தொட்டிக்குள் இருக்கும்வரை அது ஆற்றுக்கு ஆபத்தில்லை. ஆனால் தொட்டி நிரம்புகிறது. ஒருவர் விட்டதைப் பார்த்து இன்னொருவர் விடுகிறார். பொரியும் ரொட்டியும் மிதந்து தண்ணீர் நாறுகிறது. ஒருநாள் தொண்டர்கள் வாளியில் அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் விடுகிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன், எந்தக் கோவில் என்று சொல்ல விரும்பவில்லை, அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். அங்கே ஏற்கெனவே வாழும் நம் நாட்டு ஆமைகளோடு இது இரைக்கும் வெயில் காயும் கட்டைக்கும் போட்டி போடும். ஓட்டை முழுக்க மூடிக்கொள்ளும் நம் 'கத்துப்' ஆமை போன்றவை ஏற்கெனவே அருகிவரும் இனங்கள். இன்னொரு கொடுமையும் நடக்கிறது. நிலத்து ஆமையைத் தண்ணீர் ஆமை என்று நினைத்து ஆழமான தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும்.

இரண்டாவது, பரிகாரம். இதைப் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் பேச வேண்டும். சென்ற ஆண்டு ஓர் ஆற்றுப் படித்துறையில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். ஐஸ் பெட்டிக்குள் செவ்வால் கெளுத்தி, அமேசான் ஆற்று மீன், ஏற்கெனவே முழங்கை நீளம். பையனுக்கு உடம்பு சரியில்லையாம், உயிருள்ளதை ஓடும் தண்ணீரில் விடச் சொல்லி யாரோ சொன்னார்களாம். பாட்டி மீனுக்குக் குங்குமம் வைக்கப் போனார், அம்மா தடுத்துவிட்டார். அவர்கள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தபோது என்னால் கோபப்பட முடியவில்லை. பாட்டியிடம் போய், "அம்மா, இந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், இங்கே இருக்கிற மீனையெல்லாம் முழுசா முழுங்கும்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். பெட்டியை மூடிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பாட்டி கேட்டதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். முன்னாடியே சொல்லுங்கள்.

மனுவின் கையில் வந்த சிறு மீனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கமண்டலத்தில் விட்டார், வளர்ந்தது. குளத்தில் விட்டார், வளர்ந்தது. ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோனார். அந்தக் கதை நம் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது படித்துறையில் நிற்கும்போது தெரிகிறது. வளர்ந்துவிட்ட மீனைப் பெரிய தண்ணீருக்குக் கொண்டுபோவதுதான் தர்மம் என்று நம்மவர்கள் மனதார நம்புகிறார்கள். ஆனால் மனு அந்த மீனை முதலில் கையில் ஏந்தியது, பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும் என்று அது அடைக்கலம் கேட்டதால். இன்று நம் ஆற்றில் அடைக்கலம் கேட்கும் இடத்தில் இருப்பவை லம்பாமும் பாவுங்கும் ஹாருவான் குஞ்சும். குருக்கள் ஐயாக்களே, கதா காலட்சேபத்திலோ வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தோ இந்தக் கதையை இப்படி ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நான் எழுதும் எதையும்விட அது நன்றாகப் போய்ச் சேரும்.

மூன்றாவது காகம். இதில் நம் மனசு இன்னும் சிக்கலானது. இந்த ஊரில் நாம் பார்க்கும் வீட்டுக் காகம் இந்த மண்ணுக்கு உரியது இல்லை. 1890-களில், ரப்பருக்கு முந்திய காப்பித் தோட்டக் காலத்தில், கம்பளிப்புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டம் போயிற்று, காகம் பெருகிற்று. சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, குப்பையைக் கிளறுகிறது. நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுட்டுக்கூடப் பார்த்துவிட்டன. நாமோ அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டோம். என் அம்மா இன்றும் வைக்கிறார், நானும் வைப்பேன், அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. பிதிர்களுக்கு வைக்கும் ஒரு பிடிச் சோற்றால் காகம் பெருகவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் காலை கோவில் பின்புறம் திறந்து கிடக்கும் அன்னதான மிச்சத்தால் பெருகுகிறது. மூடி போட்ட குப்பைத்தொட்டி, அன்றிரவே குப்பை அகற்றல், இந்த இரண்டும் துப்பாக்கியைவிட நன்றாக வேலை செய்யும். எலியும் குறையும்.

தாமரைத் தொட்டி வைத்திருக்கும் கோவில்களுக்கு ஒரு குறிப்பு. சுவரிலோ தண்டிலோ தண்ணீர் மட்டத்துக்கு மேலே ரோஜா நிறத்தில் கொத்தாக முட்டை தெரிந்தால் அது பூவோ அலங்காரமோ இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நெல் வயல்களை நாசமாக்கும் தங்க ஆப்பிள் நத்தையின் முட்டை அது. நீர்ச்செடியோடு ஒட்டிக்கொண்டு வரும். கையுறை போட்டுக்கொண்டு முட்டையைச் சுரண்டி நசுக்கித் தண்ணீருக்குள் தள்ளுங்கள், மூழ்கிய முட்டை பெரும்பாலும் பொரிக்காது. நத்தையைச் சாக்கடையில் மட்டும் வீசாதீர்கள்.

இப்போது நான் கேட்பவை. தொட்டிக்குப் பக்கத்திலும் ஆற்றுக்கு இறங்கும் படியிலும் தமிழில் ஒரு பலகை வையுங்கள். தொட்டியில் இருக்கும் ஆமைகளை வெளியே விடாமல், மேற்கொண்டு யாரிடமும் வாங்காமல், அவை வாழ்ந்து முடியும்வரை நன்றாகப் பராமரியுங்கள். தொட்டி விளிம்பை உயர்த்தி, நீர் வழியும் குழாய்க்குக் கம்பிவலை போடுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு தண்ணீர் வந்தால் தொட்டிக்கும் ஆற்றுக்கும் நடுவே எதுவும் நிற்காது. யாராவது மீனோ ஆமையோ கொண்டுவந்தால் திட்டி அனுப்பாதீர்கள், தயவுசெய்து. திட்டினால் பாலத்தடிக்குத்தான் போவார்கள். வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கச் சொல்லுங்கள், மீன் வளர்ப்போர் குழுக்களில் கேட்கச் சொல்லுங்கள், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். ஜாதகம் பார்ப்பவர்கள் உங்கள் வளாகத்தில் இருந்தால் அவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். உயிரை ஆற்றில் விடுவதற்குப் பதில் மரம் நடலாம், ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்கலாம், பசித்தவருக்குச் சோறு போடலாம். நம் சாத்திரத்தில் தானத்துக்கு வழியா இல்லை?

அரசாங்கத்திடம் திட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1985 மீன்வளச் சட்டப்படி உயிர்மீனை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி வேண்டும். 2021 முதல் 2025 வரைக்கென ஊடுருவல் இனங்களுக்கான தேசியச் செயல்திட்டமும் வகுத்தார்கள். ஆனால் அதெல்லாம் துறைமுகத்தோடும் அலுவலகத்தோடும் நின்றுவிடுகிறது. வீட்டுத் தொட்டிக்கும் ஆற்றுக்கும் நடுவே நிற்பது நாம்தான்.

கொல்வதைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். ஆற்றில் பிடித்த பண்டாராயா மீனைக் கரையில் போட்டுத் துடிக்கவிடுவது எனக்கும் பிடிக்காது. நான் பிடித்தால் உடனே முடித்து மரத்தடியில் புதைத்துவிடுவேன். கோவிலிடம் நான் கேட்பது அந்த வேலையை அல்ல. பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். விடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பங்கு, அதில் ஓர் உயிரும் போகாது.

பலகைக்கான வாசகம் இது, வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள்: "பக்தர்கள் கவனத்துக்கு. வளர்ப்பு மீன், ஆமை, நத்தை எதையும் இத்தொட்டியிலும் ஆற்றிலும் விட வேண்டாம். அவை நம் ஆற்று உயிர்களை அழிக்கும். வளர்க்க முடியாதவர்கள் ஆலய அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்கிறோம்." இந்த ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முன்பே பலகைகள் நின்றால் நல்லது. அந்தச் சமயத்தில்தான் படித்துறைகளில் கூட்டம் அதிகம். பலகை அடிக்கும் செலவில் ஒரு பங்கை எங்கள் தூண்டில் நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். தொட்டிக்கு வலை கட்ட ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
செந்தூல்வாசி ஒருவன்